ஜப்பானில் பிணை நிற்க ஆள் இல்லை, தங்கச்சிக்கு அறை எடுப்பது எப்படி?

லிந்துலை_அண்ணன் | ஜூலை 6, இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி ஏப்ரலில் ஜப்பான் போனாள். சைதாமாவில் ஒரு மொழிப் பள்ளி. முதல் ஆறு மாதம் பள்ளி விடுதி. ஒக்டோபரில் புதுப் பிள்ளைகள் வருவதால் செப்டெம்பர் 30க்குள் காலி பண்ண வேண்டும். இரண்டு வாரமாக அறை தேடுகிறாள். போன மூன்று வீட்டுத் தரகுக் கடையிலும் ஒரே கேள்விதான்: "உங்களுக்குப் பிணை நிற்க ஜப்பானில் யார் இருக்கிறார்கள்?" யார் இருக்கிறார்கள்? எங்கள் குடும்பத்தில் விமானம் ஏறிய முதல் ஆளே அவள்தான்.

அவளை அனுப்பிய கண்டி ஏஜென்சியிடம் கேட்டோம். ஒன்றரை இலட்சம் ரூபாய் கொடுத்தால் ஜப்பானில் இருக்கும் அவர்களுடைய ஆள் ஒருவர் கையெழுத்து வைப்பாராம். 50,000 இப்போது, மிச்சத்தைத் தங்கச்சி பகுதிநேரச் சம்பளத்தில் மாதாமாதம் கட்டலாம். கட்டி முடிக்கும்வரை அவளுடைய உயர்தரப் பரீட்சைச் சான்றிதழின் ஒரிஜினல் அவர்களிடமே இருக்கும். விசாவுக்கென்று வாங்கியது, இன்னும் திருப்பித் தரவில்லை.

"வீட்டு உறுதிப் பத்திரம் ஏதும் இருந்தால் அதை வைத்து வேறு வழி பார்க்கலாம்" என்றும் சொன்னார். உறுதியாம்! அப்பா தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறார், அம்மா கொழுந்து பறிக்கிறார், இருப்பது லயத்தில், வரிசையாக ஒட்டிய தோட்ட அறைகளில். எங்கள் காம்பராவுக்கு, அதாவது அந்த ஓர் அறைக்கு, இலக்கமே கிடையாது. கடிதம் வந்தால் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு.

50,000 ரூபாய்க்கு அம்மாவின் வளையலை வைக்க வேண்டும். கொடுக்கலாமா? பிணையாள் இல்லாமல் வேறு வழி இருக்கிறதா? அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

டிக்கோயா77 | ஜூலை 6, இரவு 10.05

கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் தம்பி. என் தம்பிக்கும் ஒரு ஏஜென்ட்தான் எல்லாம் செய்து கொடுத்தார். முன்பின் தெரியாத பிள்ளைக்காக ஒருவர் அந்த நாட்டில் கையெழுத்துப் போடுகிறார் என்றால் சும்மா போடுவாரா? நீங்கள் போடுவீர்களா?

ஊவாக்காரி | ஜூலை 7, காலை 6.20

தம்பி, வளையல் கையிலேயே இருக்கட்டும்.

நான் பதுளைப் பக்கம். ஐந்து வருடமாக சைதாமாவில்தான் இருக்கிறேன். உங்கள் தங்கச்சி போன அதே வழி: மொழிப் பள்ளி, பிறகு தொழிற்பள்ளி, இப்போது வேலை. இரண்டு தடவை வீடு மாறிவிட்டேன். இரண்டு தடவையும் எனக்காக ஒரு மனிதரும் பிணை நிற்கவில்லை.

அங்கே பழைய வழக்கத்தில் 'ரெந்தாய் ஹோஷோனின்' என்று ஒருவர் வேண்டும். அப்பா, மாமா, அண்ணன் என்று சம்பளம் உள்ள ஒரு ஜப்பானிய உறவினர். இப்போது ஜப்பானியர்களுக்கே அப்படி ஆள் கிடைப்பது கஷ்டம். அப்பா ஓய்வூதியத்தில் இருப்பார், அண்ணன் முகம் பார்த்துப் பத்து வருடம் ஆகியிருக்கும். அதனால் 'ஹோஷோ காய்ஷா' என்ற உத்தரவாதக் கம்பனிகள் வந்துவிட்டன. நாம் அவர்களுக்குக் கட்டணம் கட்டுகிறோம், நாம் வாடகை தவறினால் அவர்கள் வீட்டுக்காரருக்குக் கட்டுகிறார்கள். கட்டணம் பெரும்பாலும் அரை மாத வாடகையிலிருந்து ஒரு மாத வாடகை வரை, ஒரு தடவை. பிறகு வருடத்துக்கு 10,000 யென் மாதிரி புதுப்பிப்பு.

நமக்காகக் கட்டிவிட்டு மறந்துவிடுவார்கள் என்று மட்டும் நினைக்க வேண்டாம். கட்டியதை நம்மிடம் வசூலிப்பார்கள், விடாமல். அது வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு, நமக்கு இல்லை.

என் முதல் அறைக்குத் தந்த கணக்குத் தாள் இன்னும் இருக்கிறது. அப்படியே போடுகிறேன், தங்கச்சி மனதைத் தயார் பண்ணிக்கொள்ளட்டும். வாடகை 52,000 யென். முதல் மாத வாடகை 52,000. ஷிகிகின், அதாவது நாம் சொல்லும் டிபொசிட், 52,000. ரெய்கின் 52,000. தரகுக் கடைக்கு ஒரு மாத வாடகையும் அதன்மேல் 10 சதவீத வரியும், 57,200. உத்தரவாதக் கம்பனிக்கு 26,000. இரண்டு வருடத் தீக் காப்புறுதி 18,000. பூட்டு மாற்ற 16,500. எல்லாம் சேர்த்து 273,700. ஐந்து மாத வாடகைக்கும் மேலே! தாளைப் பார்த்ததும் பூச்சியத்தை எண்ணினேன், கடைக்காரர் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

இதில் ரெய்கின் என்பதைக் கவனியுங்கள். அதைக் 'கீ மணி' என்று மொழிபெயர்த்துச் சொல்வார்கள். நம்ம ஊரில் கடைக்குக் கீ மணி கொடுத்தால் போகும்போது திருப்பிக் கேட்கலாம் என்று ஒரு நினைப்பு இருக்கும். அங்கே அது வீட்டுக்காரருக்கு நன்றிப் பணம். கொடுத்தால் போனதுதான். ரெய்கின் இல்லாத அறைகளும் நிறைய உண்டு, தேடும்போதே அதை வடிகட்டச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் ஏஜென்சிக்கு வருகிறேன். யென்னுக்கு இரண்டு ரூபாய் என்று குத்துமதிப்பாகப் போட்டால் ஒன்றரை இலட்சம் ரூபாய் 75,000 யென். நான் உத்தரவாதக் கம்பனிக்குக் கொடுத்தது 26,000. அதைவிட முக்கியம், அந்த ஆள் பிணையாளாகவே கையெழுத்து வைக்கப் போகிறாரா என்பது. விண்ணப்பத்தில் 'கின்க்யூ ரென்ராகுசாகி' என்று இன்னொரு கட்டம் இருக்கும். அவசரத்துக்குத் தொடர்புகொள்ளும் ஆள். அவருக்கு ஒரு சதப் பொறுப்பும் கிடையாது. தங்கச்சி போனை எடுக்காவிட்டால் இவருக்கு ஒரு கோல் வரும், அவ்வளவுதான். கம்பனி பிணை நிற்கும்போதும் இந்தக் கட்டத்தை நிரப்ப ஓர் ஆள் கேட்பார்கள், ஜப்பானில் இருப்பவராக இருந்தால் நல்லது. உங்கள் ஏஜென்சி விற்பது இந்தப் பெயரைத்தான் என்பது என் சந்தேகம். பிணை விலைக்குப் போன் நம்பர் விற்கிறார்கள்.

லிந்துலை_அண்ணன் | ஜூலை 7, காலை 7.15

அக்கா, கோடி நன்றி. அந்த இரண்டு கட்டங்களின் வித்தியாசம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. தங்கச்சியிடம் கேட்டேன், அந்த மூன்று கடையிலும் என்ன சொல்லைக் கேட்டார்கள் என்று அவளுக்கே நினைவில்லை. பயத்தில் "இல்லை, இல்லை" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

சாக்பீஸ் | ஜூலை 7, பிற்பகல் 3.30

நான் அட்டனில் ஓய்வுபெற்ற ஆசிரியர். பிணை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். அரசாங்க உத்தியோகம் என்பதால் என் கையெழுத்துக்கு ஊரில் ஒரு காலத்தில் நல்ல கிராக்கி. மூன்று பேருக்கு வங்கிக் கடனுக்குப் பிணை நின்றேன். ஒருவர் கட்டார் போய்ச் சேர்ந்தார், போன வேகத்தில் கடனை மறந்தார். 14 மாதம் என் சம்பளத்தில் வெட்டினார்கள். வீட்டில் அந்தப் பேச்சு இன்றைக்கும் முடியவில்லை.

அதனால் தம்பிக்கு ஒரு கேள்வி. அந்த ஜப்பான் ஆள் உண்மையாகவே பிணை நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பின் அறியாத பிள்ளையின் இரண்டு வருட வாடகைக்கும், உடைக்கும் சாமானுக்கும் பொறுப்பேற்க 75,000 யென் வாங்கிக்கொண்டு சம்மதிக்கிறார் என்றால் அவர் ஒன்று மகான், இல்லையென்றால் பொறுப்பே ஏற்கவில்லை. மகான்கள் கண்டியில் ஏஜென்ட் வைத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று. சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு, கடனைச் சம்பளத்தில் கட்டு என்பதை நாம் முன்னமே பார்த்திருக்கிறோம். நம் முப்பாட்டன் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. தோட்டம் மாறப் போகிறவரிடம், ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணிக்கு இவர் இவ்வளவு கடன் என்று எழுதிய ஒரு தாள் இருக்கும். அந்தக் கடனைக் கட்டும் தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளும். கடனும் ஆளும் ஒரே தாளில் கட்டிப்போட்டது. 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். உங்கள் ஏஜென்சிக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

சான்றிதழுக்குப் பயப்பட வேண்டாம். பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேற்றுச் சான்றிதழை மறுபடி எடுக்கலாம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு பிறகு அவர்களோடு பேசுங்கள், குரல் மாறும்.

டிக்கோயா77 | ஜூலை 7, மாலை 6.10

சேர், கங்காணிக் காலத்தையெல்லாம் இழுக்காதீர்கள். ஏஜென்ட் எல்லோரும் கள்ளர் இல்லை. ஜப்பான் மொழியில் ஒரு கம்பனி போன் பண்ணிக் கேள்வி கேட்டால் ஆறு மாதம் படித்த பிள்ளை என்ன பதில் சொல்லும்? அந்தச் சிரமத்துக்குத்தான் காசு. வெளிநாட்டில் செட்டிலான பிறகு எல்லாம் இலேசு என்று எழுதுவது சுகம்.

ஊவாக்காரி | ஜூலை 7, இரவு 8.45

டிக்கோயா அண்ணே, நீங்கள் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. அந்தப் போன் கோல் பயங்கரம்தான். எனக்கு முதல் தடவை வந்தபோது வகுப்பில் இருந்தேன், எடுக்கவில்லை. திரும்ப எடுத்தால் வேறு யாரோ. இரண்டு நாள் அலைந்தேன். ஆனால் அவர்கள் கேட்பது நான்கைந்துதான்: பெயர், பிறந்த திகதி, இப்போதைய விலாசம், பள்ளி அல்லது வேலையிடம், இந்த அறைக்கு விண்ணப்பித்தது நீங்கள்தானா. ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தால் போதும். வெளிநாட்டவர்களுக்கென்றே நடக்கும் உத்தரவாதக் கம்பனிகளும் உண்டு, அவர்கள் வேறு மொழிகளிலும் பேசுவார்கள். ஆனால் எந்தக் கம்பனி என்பதைப் பெரும்பாலும் வீட்டுக்காரர் பக்கம்தான் தீர்மானிக்கும், நாம் தெரிவு செய்ய முடியாது.

போனைவிடப் பெரிய தலைவலி நம்ம பெயர். தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? அப்பாவின் பெயர்தான் முன்னால் நிற்கும். கடவுச்சீட்டில் ஒரு முழ நீளத்துக்கு எழுதியிருக்கும். அதை வெளிநாட்டுப் பெயர்களுக்கான ஜப்பானிய 'கட்டக்கானா' எழுத்தில் நாமே எழுத வேண்டும், ஒருவர் ஒரு மாதிரி எழுதித் தருவார். வங்கிப் புத்தகத்தில் ஒன்று, பள்ளி அட்டையில் ஒன்று, விண்ணப்பத்தில் இன்னொன்று என்று இருந்தால் சந்தேகப்படுவார்கள். தங்கச்சியை வங்கிப் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

சாக்பீஸ் சேருக்கு ஒரு தகவல். ரெந்தாய் என்றால் சேர்ந்து கட்டுண்டது என்ற மாதிரி. வாடகைக்காரரிடம் முதலில் கேளுங்கள் என்று பிணையாள் சொல்ல முடியாது. வீட்டுக்காரர் நேரே பிணையாள் வாசலுக்கே வரலாம். 2020 ஏப்ரல் 1இல் சட்டம் மாறியது. அதற்குப் பிறகு ஒரு தனியாள் பிணை நின்றால் அதிகபட்சம் எவ்வளவுக்குப் பொறுப்பு என்ற தொகை ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பிணை செல்லாது. ஏஜென்சியிடம் அந்தத் தொகை எழுதிய பக்கத்தை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள் தம்பி. வேறு ஒன்றும் கேட்க வேண்டாம்.

மஸ்கெலியா_மல்லிகை | ஜூலை 8, அதிகாலை 1.15

இரவு வேலை முடித்துவிட்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

நான் முதியோர் பராமரிப்பு வேலையில், 'தொகுதேய் கினோ' என்ற ஜப்பான் வேலை விசாவில் இருக்கிறேன். எங்கள் விசாவுக்கு இந்தப் பிரச்சினை வேறு மாதிரி. வீட்டுக்கு வழி செய்வது வேலைக்கு எடுக்கிற நிறுவனத்தின் கடமை என்று விதியிலேயே இருக்கிறது. அவர்களே வீடு தருவார்கள், அல்லது நாம் எடுக்கும்போது பிணை நிற்பார்கள், அல்லது உத்தரவாதக் கம்பனிக் கட்டணத்தை ஏற்பார்கள். ஓர் ஆளுக்கு 7.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் இருக்கிறது. இந்த விசாவில் வருகிறவரிடம் யாராவது பிணைக்குக் காசு கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். மாணவர்களுக்கு இந்த விதி இல்லை, அதனால் அண்ணனுக்கு இது உதவாது, பின்னால் வாசிக்கிறவர்களுக்காக எழுதினேன்.

ஒரு குறையும் உண்டு. வேலையை விட்டால் வீடும் போய்விடும். எங்கள் அம்மாவிடம் சொன்னேன், "அப்படின்னா அதுவும் லயம்தான்" என்றார்.

மட்டுறுத்துநர் | ஜூலை 8, காலை 8.00

'குறைந்த விலையில் பிணையாள் ஏற்பாடு' என்று போன் இலக்கத்தோடு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மீண்டும் போட்டால் கணக்கே இருக்காது.

நானுஓயா_டு_லெஸ்டர் | ஜூலை 8, மாலை 5.20

தலைப்பு ஜப்பான்தான் என்றாலும் இங்கிலாந்துக் கதையையும் எழுதி வைக்கிறேன், நம்ம பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள்.

நான் வந்தபோது சொந்த வீடுள்ள இங்கிலாந்துக்காரர் ஒருவர் பிணை வேண்டும், இல்லையென்றால் ஆறு மாத வாடகை முன்பணம் என்றார்கள். எங்கிருந்து வரும்? இணையத்தில் ஒரு அறை, படம் பளிச்சென்று இருந்தது, வாடகையும் குறைவு. "நான் வெளியூரில் இருக்கிறேன், பணத்தை அனுப்பினால் சாவி தபாலில் வரும்" என்று ஒருவர் எழுதினார். அப்பா பசுவை விற்று அனுப்பிய காசில் 400 பவுண் போனது. சாவி இன்னும் தபாலில் வந்துகொண்டிருக்கிறது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. இங்கிலாந்துப் பகுதியில் 2026 மே 1 முதல், குடியேறும் முன்னால் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று புதிய வாடகைச் சட்டம் சொல்கிறது. டிபொசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது 2019இலிருந்தே உள்ளது. அந்தப் பணத்தையும் வீட்டுக்காரர் 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் முன்பணம் வாங்க முடியாது என்றால் வீட்டுக்காரர்கள் இன்னும் கண்டிப்பாகப் பிணையாளைக் கேட்பார்கள் என்பது என் பயம். பல்கலைக்கழகமே பிணை நிற்கும் திட்டம் சில இடங்களில் உண்டு. வரும் முன்னமே சர்வதேச மாணவர் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். நான் அதைக் கேட்காத முட்டாள்.

பசறைவாசி | ஜூலை 8, இரவு 11.00

ஜேர்மனியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே 'ஷூஃபா' என்று ஒரு கடன் சரித்திரத் தாள் கேட்பார்கள், புதிதாக வருகிறவருக்கு அதில் ஒன்றும் இருக்காது. டிபொசிட் மூன்று மாத வெறும் வாடகைக்கு (சூடாக்கல், தண்ணீர்ச் செலவு சேர்க்காதது) மேல் கேட்கக் கூடாது, அதை மூன்று தவணையில் கட்டலாம் என்பது சட்டம். எந்த வீட்டுக்காரரும் தானாக அதைச் சொல்ல மாட்டார். அப்புறம், வீட்டுக்குள் போனால் குசினியே இருக்காது. சுவரில் இரண்டு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். போனவர் அடுப்பு, அலுமாரி, கழுவும் தொட்டி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போயிருப்பார்.

லிந்துலை_அண்ணன் | ஜூலை 12, இரவு 9.10

சொன்ன மாதிரியே ஏஜென்சியிடம் அந்தத் தொகை எழுதிய பக்கத்தைக் கேட்டேன். முதலில் "அது ஜப்பான் மொழியில் இருக்கும், உங்களுக்கு விளங்காது" என்றார்கள். பரவாயில்லை, அனுப்புங்கள் என்றேன். மறுநாள் "எங்கள் ஆள் தொடர்பு இலக்கத்துக்கு மட்டும்தான் பெயர் கொடுப்பார்" என்றார்கள். அக்கா சொன்னது அப்படியே. பிறகு விலை 60,000க்கு இறங்கியது! நன்றி சொல்லி வைத்துவிட்டேன். சான்றிதழுக்குப் புதிதாக விண்ணப்பித்தாயிற்று.

அடுத்த கேள்வி. ஒரு வருட வாடகையை மொத்தமாகக் கட்டினால் பிணையே கேட்காத அரச வீடுகள் உண்டு என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மையா?

ஊவாக்காரி | ஜூலை 13, காலை 6.40

யூஆர் என்ற அரச சார்பு நிறுவனத்தின் வாடகை வீடுகளைச் சொல்கிறார். உண்மைதான். பிணையாள் வேண்டாம், ரெய்கின் இல்லை, தரகு இல்லை, புதுப்பிப்புக் கட்டணமும் இல்லை. டிபொசிட் இரண்டு மாதம். வதிவிட அட்டை உள்ள வெளிநாட்டவர் விண்ணப்பிக்கலாம். ஆனால் வருமானம் பார்ப்பார்கள்: சாதாரண வாடகைக்கு மாத வருமானம் அதன் நான்கு மடங்கு, அல்லது வாடகையின் நூறு மடங்கு சேமிப்பு. 50,000 வாடகை என்றால் வங்கியில் 50 இலட்சம் யென்! மாணவருக்கு வாரத்தில் 28 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி, அந்தச் சம்பளத்தில் நான்கு மடங்கு எட்டாது. ஒரு வருட வாடகையை முன்கூட்டிக் கட்டினால் வருமானம் கேட்க மாட்டார்கள், அதுவும் சரி. ஆனால் அந்தத் தொகைக்கு நீங்கள் வளையல் மட்டுமா வைப்பீர்கள்? வேலை கிடைத்த பிறகு அவள் யூஆருக்குப் போகட்டும், நான் இப்போது இருப்பது அதில்தான்.

இப்போதைக்கு முதலில் பள்ளி அலுவலகத்தில் கேட்கட்டும். அவர்களுக்குப் பழக்கமான தரகுக் கடை ஒன்று இருக்கும். கடைக்குள் போனதும் "ஹோஷோ காய்ஷா வழியாக எடுக்கக்கூடிய, வெளிநாட்டவரை ஏற்கும் அறை" என்று அவளே முதலில் சொல்லட்டும். அவர்கள் கேட்கக் காத்திருக்க வேண்டாம்.

மனதையும் தயார் பண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள். கடைக்காரர் நம் முன்னாலேயே வீட்டுக்காரருக்குப் போன் பண்ணுவார். "காய்கொகுஜின் நோ கதா...", அதாவது "வெளிநாட்டவர் ஒருவர்..." என்று குரலைத் தாழ்த்துவார். பிறகு அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டபடி தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். எனக்கு எட்டு அறைக்கு அப்படிப் போன் போனது, ஐந்தில் தலையாட்டலோடு முடிந்தது. என் முகத்தில் ஏதோ தப்பு என்று அன்றைக்கு நினைத்தேன். 2017இல் அவர்களுடைய நீதி அமைச்சு வெளியிட்ட ஆய்வைப் பிறகு வாசித்தேன். வீடு தேடிய வெளிநாட்டவரில் 39.3 சதவீதத்தினர் வெளிநாட்டவர் என்ற காரணத்துக்காக மறுக்கப்பட்டிருக்கிறார்கள், 41.2 சதவீதத்தினர் ஜப்பானியப் பிணையாள் இல்லை என்பதற்காக.

சாக்பீஸ் | ஜூலை 13, காலை 10.00

ஒரு அறியாமைக் கேள்வி. வாடகையைக் கம்பனி பொறுப்பெடுத்த பிறகும் வீட்டுக்காரர்களுக்கு என்ன பயம்?

ஊவாக்காரி | ஜூலை 13, பிற்பகல் 1.25

சேர், வாடகை ஒரு பக்கம்தான். ஒரு நாள் வாடகைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விடுவார், சாமானெல்லாம் உள்ளே கிடக்கும், கடிதம் போட்டால் பதில் வராது, பூட்டை உடைக்கவும் முடியாது. இதுதான் பெரிய பயம். அடுத்தது குப்பை. எந்த நாளில் எந்தக் குப்பை என்று கலண்டர் இருக்கிறது, பிழையான நாளில் வைத்தால் பையில் ஸ்டிக்கர் ஒட்டி அங்கேயே விட்டுவிடுவார்கள், அயலவர்கள் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணுவார்கள். மூன்றாவது, ஒருவர் என்று எடுத்துவிட்டு நால்வர் தங்குவது. அதை நம்ம ஆட்களும் செய்கிறார்கள், மறைத்துப் பேசிப் பயனில்லை. அங்கே அறையைத் தரைப் பாய்க் கணக்கில் அளப்பார்கள். ஆறு பாய் அறை என்றால் சுமார் 105 சதுர அடி, பத்துக்குப் பன்னிரண்டு லயக் காம்பராவைவிடச் சிறியது. அதில் நான்கு பேர்!

லிந்துலை_அண்ணன் | ஒக்டோபர் 4, இரவு 8.30

தாமதத்துக்கு மன்னிக்கவும். அறை கிடைத்துவிட்டது.

வாடகை 46,000 யென், ஸ்டேஷனிலிருந்து 17 நிமிட நடை. ரெய்கின் இல்லை. மொத்தம் 197,100 ஆனது, அதில் உத்தரவாதக் கம்பனிக்கு 23,000. பாதி அவள் சேர்த்தது. மீதியை இங்கிருந்து வங்கியில் அவளுக்குத் திறந்த மாணவர் கோப்பு வழியாக அனுப்பினோம். வளையல் தப்பியது.

முதல் விண்ணப்பம் தவறிப் போனது, அக்கா சொன்ன அதே பெயர் விவகாரம்தான். அப்பாவின் பெயர் 'கிருஷ்ணசாமி'. வங்கிப் புத்தகத்தில் ஒரு மாதிரி, இவள் விண்ணப்பத்தில் எழுதியது இன்னொரு மாதிரி. பார்த்து எழுது என்று நான் முன்பே சொல்லியும் அவள் நினைவிலிருந்து எழுதியிருக்கிறாள். இரண்டாவது தடவை வங்கிப் புத்தகத்தை மேசையில் வைத்துப் பார்த்து எழுதினாளாம். அவசரத் தொடர்புக்குப் பள்ளியில் ஓர் ஆசிரியை பெயர் கொடுத்தார், காசு இல்லாமல். கம்பனியிலிருந்து போன் வந்தபோது பஸ்ஸில் இருந்திருக்கிறாள். பஸ்ஸில் போன் பேசக் கூடாது என்பதால் அடுத்த தரிப்பில் இறங்கி, மழையில் நின்றுகொண்டு தாளைப் பார்த்துப் பதில் சொன்னாளாம். விலாசத்தை மட்டும் இரண்டு தடவை கேட்டார்களாம்.

ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. சாவி வாங்கிக்கொண்டு மாலையில் உள்ளே போனால் அறையில் பல்பே இல்லை! கூரையில் ஒரு வெள்ளைக் கொக்கி மட்டும். முதல் இரவு போன் டோர்ச்சில் இருந்திருக்கிறாள். வீடியோ கோலில் அம்மா பார்த்துவிட்டு, "அங்கேயும் கரண்ட் போகுமா?" என்றார்.

ஊவாக்காரி | ஒக்டோபர் 4, இரவு 9.05

ஐயோ, அதை மறந்தே போனேன் தம்பி, விளக்கு நாமேதான் வாங்க வேண்டும். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும். திரைச்சீலையும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள், அதுவும் இருக்காது. புது விலாசத்தை 14 நாளுக்குள் நகர அலுவலகத்தில் பதிந்து வதிவிட அட்டையின் பின்னால் எழுதிக்கொள்ள வேண்டும். பதிந்துவிட்டாளா?

லிந்துலை_அண்ணன் | ஒக்டோபர் 4, இரவு 9.20

பதிந்துவிட்டாள் அக்கா. அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கட்டட இலக்கம், அறை இலக்கம் 203 என்று எல்லாம் இருக்கிறது. அப்பா போனைப் பெரிதாக்கி அந்த 203ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிக்கோயா77 | ஒக்டோபர் 5, காலை 7.50

சந்தோஷம் தம்பி. அந்த ஊவா அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். என் மருமகன் ஏப்ரலில் போகிறான். பெயர் கடவுச்சீட்டில் ஐந்து சொல். இந்தக் கட்டக்கானா விஷயத்தை வங்கிக் கணக்கு திறக்கும்போதே எப்படிச் சரியாக எழுதுவது?

ஊவாக்காரி | ஒக்டோபர் 5, காலை 8.30

ஐந்து சொல்லா! அண்ணே, புது இழை ஒன்று தொடங்குங்கள். பெயரைப் போட வேண்டாம், எத்தனை எழுத்து என்று மட்டும் எழுதுங்கள்.